பீரங்கிப் படகும் சலாபத் தோணியும்

கல்லூரிகள் விழா எடுக்குங் காலத்தில் கடந்த ஆண்டுகளின் பெருமையைப் பேசுதல் மரபு. பரீட்சைச் சித்திகளும், விளையாட்டு வெற்றிகளும், புதிய மண்டபங்களும் இம்மலரின் ஏனைய பக்கங்களில் இடம்பெறும். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. ஒன்றரை முழ நீளத்துள் அடங்குவது. மரத்தாற் செய்யும் மாதிரிக் கப்பலைப் பற்றியே சில கூற விரும்புகின்றோம். பொருள் சிறிதாயினும், அதன்வழி நோக்குமிடத்துப் பெரியதோர் இழப்பு நமக்குப் புலனாகின்றது. அவ்விழப்பைத் தடுக்கும் வழியும் உடன் புலனாகின்றது. ஆதலின் அன்பர்கள் இதனைப் பொறுமையுடன் படித்தல் வேண்டும்.

இக்கால மாணவருட் சிலர், பாகங்கள் யாவும் அடங்கிய பெட்டியொன்றை வாங்கி, அதனுள் இருக்கும் வரைபடத்தைப் பார்த்துப் பழைய போர்க்கலங்களின் மாதிரியைச் செய்து மகிழ்கின்றனர். அத்தகைய பெட்டிகளுட் புகழ் பெற்றவற்றுள் ஒன்று, அமெரிக்க விடுதலைப் போரிற் பங்குகொண்ட ‘பிலடெல்பியா’ என்னும் பீரங்கிப் படகினுடையது. ஐம்பத்து மூன்றடிக்குச் சிறிது மேற்பட்ட அப்படகு, 1:24 என்னும் அளவிற் குறுகிச் சுமார் 27 அங்குல நீளமுடையதாய் மேசைமீது அமர்கின்றது. இதனை வீண் விளையாட்டென்றும், பணச் செலவென்றும் இகழ்வாருளர். நாம் அக்கூட்டத்தைச் சேர்ந்தோமல்லோம்.

ஏனெனின், இப்பயிற்சி கைக்கும் கண்ணுக்கும் ஒருங்கே கல்வி புகட்டுவது. பிலடெல்பியா தட்டையான அடியை உடையது. அதனால், முதலில் அடிப்பலகைகளைப் பரப்பி, அவற்றின்மேல் வங்குகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, அதன்பின்னரே பக்கப் பலகைகளை வளைத்துப் பொருத்துதல் வேண்டும். ஒரு வங்கு அரைக்கால் அங்குலம் பிசகினும் அதன்மேற் படியும் பலகை மேடுபள்ளமாய்ப் போகும். நேரான பலகையை அவ்வாறே வளைக்க முயன்றால் ஒடிந்துவிடும். நீரில் ஊறவைத்துச் சூடுகாட்டி மெல்ல வளைத்தல் வேண்டும். அணியத்தை நோக்கிச் செல்லச் செல்லப் பலகையின் அகலத்தைச் சீவிக் குறைத்தாலன்றி அது அடுத்த பலகையோடு இசையாது. அவசரக்காரனுக்கு இவ்வேலை வசப்படாது. அளவு, விகிதம், வளைகோடு, மிதப்பு ஆகியவற்றைக் கரும்பலகையிற் கண்ட மாணவன் இங்கே விரல்நுனியால் உணர்கின்றான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதென்பர். இங்கு ஏட்டுக் கணக்கே மரத்தில் உருப்பெறுகின்றது.

ஆயினும் நாம் கேட்க விரும்பும் வினா வேறு. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அந்நிய நாட்டின் ஏரியொன்றில் மூழ்கிய படகை, இன்று நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் வங்கு வங்காக அறிந்து கட்டுவது எவ்வாறு இயல்வதாயிற்று?

அவ்வரலாறு அறியத்தக்கது. 1776 ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், சம்பிளேன் ஏரிவழியாக வரவிருந்த பிரித்தானியப் படையைத் தடுக்கும் பொருட்டு, அமெரிக்கர் அவசர அவசரமாகச் சிறு கடற்படை ஒன்றை அமைத்தனர். பிலடெல்பியா அதில் ஒரு படகு. அதன் முன்புறத்தில் பன்னிரண்டு இறாத்தற் குண்டு எறியும் பீரங்கி ஒன்றும், இருமருங்கும் ஒன்பது இறாத்தற் பீரங்கிகள் இரண்டும் இருந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் 11 ஆந் தேதி வல்கூர்த் தீவின் அருகே நடந்த போரில் அது குண்டடிபட்டு மூழ்கியது. அமெரிக்கர் அப்போரிலே தோற்றனர். எனினும் பகைவரின் படையெடுப்பு ஓராண்டு பின்தள்ளப்பட்டது. குளிர்ந்த நன்னீரின் அடியிற் கிடந்த அப்படகை 1935 இல் லொரென்சோ ஹக்லண்ட் என்பவர் கண்டுபிடித்து மேலெடுத்தார். 1961 இல் அது சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. அதனை மூழ்கடித்த குண்டும் உடனிருக்கின்றது. அறிஞர் அதனை அளந்தனர், வரைந்தனர். அவ்வளவுகளைக் கொண்டு முழு அளவில் இன்னொரு படகு கட்டி 1991 இல் மிதக்கவிட்டனர். பெட்டிக்குள் இருக்கும் வரைபடத்துக்கு மூலம் அதுவே. தோற்ற படகொன்று உலகெங்கும் மேசைகளில் வாழ்வதற்குக் காரணம் அதன் வெற்றியன்று. அதனை அளந்து தாளில் வைத்தோர் இருந்தமையே காரணமாம்.

இனி நம் கரையை நோக்குவோம். மன்னாருக்குத் தெற்கே, அருவி ஆறு கடலொடு கலக்கும் அரிப்பிலிருந்து சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி எனத் தொடரும் முசலிக் கரை, கலங்களின் வரலாற்றில் எந்த ஏரிக்கும் தாழ்ந்ததன்று. இருபதாண்டுக் காலம் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன் 1679 இல் தப்பியோடி வந்து அடைந்த இடம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையே. ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1801 இல் தொடங்கி அரிப்பிற் கட்டுவித்த மாளிகையை மக்கள் அல்லிராணிக் கோட்டை என வழங்குவர். அதன் இடிந்த சுவர்களைக் கடல் அரித்துக்கொண்டே வருகின்றது.

பீரங்கிப் படகுகளும் இக்கடலுக்குப் புதியனவல்ல. 1538 ஆம் ஆண்டில், சீதாவாக்கை மாயாதுன்னைக்குத் துணைசெய்யக் கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்றலைவரான மரைக்காயர்கள் துடுப்பும் பாயும் கொண்ட விரைவுப் படகுகளோடு வந்தனர். மன்னாருக்கு எதிர்க்கரையில் வேதாளை என்னுமிடத்திற் போர்த்துக்கேயர் அவர்களைத் தாக்கி முறியடித்தனர். வல்கூர்ப் போருக்கு இருநூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த போர் அது. அங்கேயும் தோற்ற படகுகளே. ஆயின் அவற்றின் வடிவை வங்கு வங்காகக் கட்டிப்பார்க்க உதவும் பெட்டியொன்றை நாம் எக்கடையிலும் கண்டதில்லை.

போர்க்கலங்கள் கிடக்கட்டும்; உழைப்புக் கலங்களை நினைப்போம். சலாபம் என்பது முத்துக்குளிப்பைக் குறிக்கும் சொல். சலாப காலத்தில் இக்கரையிலே யாழ்ப்பாணத்துத் தோணிகளும், தூத்துக்குடித் தோணிகளும், கீழக்கரைப் படகுகளும் அணிவகுத்து நிற்கும். நள்ளிரவுக்குப்பின் நிலக்காற்றைத் துணைக்கொண்டு அவை பாரை நோக்கிப் புறப்படும். பிற்பகற் கடற்காற்றோடு கரைக்கு மீளும். கல்லிலே கால்வைத்து இறங்குவோரும், கயிறு பிடித்து இழுப்போரும், அவர்க்கெல்லாம் தலைவனாய்த் தண்டயலும் ஒரு தோணியில் இருப்பர். 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் ஏறக்குறைய எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டிலே அரசினர் முத்துப்பார்களை ஒரு கம்பனிக்கு இருபதாண்டுக் குத்தகைக்குக் கொடுத்தனர். சிப்பிவளம் விரைவிற் குன்றியது, கம்பனியும் நிலைக்கவில்லை.

அக்காலத்தில் முத்துப்பார்களை ஆராய வந்த உயிரியலறிஞர் ஜேம்ஸ் ஹோர்ணல் என்பார், சிப்பியை ஆராய்ந்ததோடு அமையாது, அதனை எடுக்கச் சென்ற படகுகளையும் உற்றுநோக்கினார். பின்னர்ச் சென்னை மாகாணத்தில் மீன்பிடித் துறைத் தலைவராயிருந்து, இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920 இல் அரியதோர் ஆய்வை வெளியிட்டார். அந்நியர் ஒருவர் கண்ணிற் பட்ட அருமை, அப்படகுகளிலே பிறந்து வளர்ந்த நம்மவர் கண்ணிற் படாது போயிற்று என்பது வருந்தத்தக்கது.

நம்மவர்க்குக் கட்டுந் திறன் இல்லாமையால் நேர்ந்த குறையன்று இது. வல்வெட்டித்துறையிற் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அது அத்திலாந்திக் சமுத்திரத்தையுங் கடந்து 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறையை அடைந்தது. அத்தகைய கலங்களைக் கட்டிய ஓடாவிமார் தாளில் வரைந்து பழகியவரல்லர். ஏராக்கட்டையின் நீளத்தைச் சொன்னால், வங்கின் வளைவும், அணியத்தின் எழுச்சியும், பாய்மரத்தின் உயரமும், பருமலின் நீளமும் அவர் மனத்தில் ஒழுங்காய் எழும். தந்தை சொல்ல மகன் கேட்பான். மகன் கை பிழைத்தால் தந்தை திருத்துவார். அதுவே அவர்தம் பல்கலைக்கழகம்.

வாய்வழி வந்த கல்விக்கு ஒரு பேரபாயம் உண்டு. ஒரு தலைமுறை கேளாதொழிந்தால் அது முற்றாக மறையும். நம் கரையிலே அத்தலைமுறை வந்துவிட்டது. 1960களின் பிற்பகுதியிற் காரைநகரில் நோர்வே நாட்டார் உதவியுடன் தோன்றிய சீநோர் நிறுவனத்தைப் போன்றவற்றால் கண்ணாடியிழைப் படகுகள் பரவின. அவை இலேசானவை, கலப்பற்று வேண்டாதவை, இயந்திரத்துக்கு ஏற்றவை. மீனவர் அவற்றை விரும்பியதில் தவறில்லை. அதன்பின் போர் வந்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முசலியின் ஊர்கள் பல வெறிச்சோடின. கரையை விட்டு மக்கள் போனபோது, வாடியில் நின்ற தோணியை யார் காப்பார்? மரம் உக்கிற்று, அதனைக் கட்டிய முதியோர் அகதி வாழ்விலே மூப்பெய்தினர். மீண்டு வந்தோர் வாழ்வைத் தொடங்கியது புதிய படகுகளிலே. எஞ்சியிருக்கும் பழைய மரத்தோணி ஒவ்வொன்றும், அதனைப் பற்றிப் பேசத்தக்க முதியவர் ஒவ்வொருவரும், இன்று மூடப்படவிருக்கும் நூல்நிலையம் என்றே கருதல் வேண்டும்.

ஆகவே நாம் முன்வைக்கும் கருத்து இதுதான். மாணவர் பீரங்கிப் படகின் பெட்டியை வாங்கட்டும். ஆயின் அதனோடு நின்றுவிடலாகாது. அதைக் கட்டிப் பெறும் கைப்பழக்கத்தைக் கொண்டு நம் கரையின் கலத்தை அளந்து, வரைந்து, கட்டுதல் வேண்டும். முன்னது பாலபாடம், பின்னதே கல்வி.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. உரியவரின் இசைவு பெற்று, கரையேற்றிய தோணியின் அணியத்திலிருந்து பின்னணியம்வரை மட்டமாக ஒரு நூலைக் கட்டுக. அந்நூலில் அடிக்கு ஒரு குறியிட்டு, ஒவ்வொரு குறியிலும் தூக்குநூலை இறக்குக. நடுக்கோட்டிலிருந்து பக்கப்பலகைவரை உள்ள அரையகலத்தைப் பல உயரங்களில் அளந்து எழுதுக. அவ்வெண்களை வரைதாளிற் புள்ளிகளாக இட்டு இணைத்தால், தோணியின் உருவம் தானே எழும். நாற்பதடித் தோணி 1:24 அளவில் இருபது அங்குலமாகும். தூய கணிதம் கற்கும் மாணவன் அதே எண்களைக் கொண்டு தோணி இடம்பெயர்க்கும் நீரின் நிறையையும் கணித்தறியலாம். தமிழ் மாணவன் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் முதியோர் வாய்ச்சொல்லாகவே எழுதி வைக்கலாம். அச்சொற்களுட் சில நம் அகராதிகளில் ஏறாதனவாயும் இருக்கக்கூடும்.

இதற்குத் தடை கூறுவோர் இருவகையினர். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இதற்கு நேரமேது என்பார் ஒரு சாரார். வாரத்திற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஒரு தோணிக்கு ஓராண்டு செல்லட்டும். மரவேலை அவசரத்தை விரும்பாதென மேலே கூறினோம்.

மற்றொரு சாராரின் தடையே ஆழமானது. முசலிக் கரையில் வாழ்வோர் பெரும்பாலும் முஸ்லிம்கள். அரிப்பு முதலிய ஊர்களிற் கத்தோலிக்கர். இந்துக் கல்லூரி ஒன்றுக்கு அவர்தம் தோணியோடு என்ன உறவு என்று அவர் வினவுவர். இவ்வினாவை மறைத்து வைத்தலினும் வெளிப்படையாக விடையிறுத்தலே நன்று. சலாபத் தோணி ஒன்றிலே தண்டயல் ஒரு சமயத்தவராகவும், குளிப்பவர் இன்னொரு சமயத்தவராகவும், தோணியைக் கட்டிய ஓடாவி வேறொருவராகவும் இருத்தல் இயல்பே. கடலின் அடியிலே மூச்சடக்கி நிற்பவன் தன் உயிரை மேலே கயிறு பிடித்திருப்பவன் கையில் ஒப்படைக்கின்றான். அங்கே குலமும் சமயமும் வினவுவாரில்லை. அந்தக் கயிறு அறுந்துபோன ஆண்டுகளை நாம் கண்டோம். அதனை மீண்டும் முடிவதற்கு மேடைப் பேச்சுக்கள் பல நிகழ்ந்தன. அவற்றினும், நம் மாணவர் பத்துப்பேர் அளவுநாடாவும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு முசலிக் கரைக்குச் சென்று, அங்குள்ள முதியவரை ‘ஐயா, இதற்குப் பெயரென்ன?’ என்று பணிவுடன் கேட்பது நற்பயன் தரும் என்பது எமது துணிபு. கற்பிக்கச் செல்வோர் பலர். கற்கச் செல்வோரே அக்கரைக்கு அரியர்.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விழாக் காலத்திற் கல்லூரிக்கு நன்கொடை அளிக்க விரும்புவோர் கட்டடங்களையே பெரிதும் நினைப்பர். அதனொரு சிறு பகுதியைத் தச்சுக் கருவிகளுக்கும், நல்ல மரத்துக்கும், மாணவர் முசலி சென்றுவரும் செலவுக்கும் ஒதுக்குவாராயின், ஓராண்டிற்குள் ஒரு தோணியின் முழு அளவுகளும் நூல்நிலையத்தில் இடம்பெறும். அவ்வளவுகளின் பிரதியொன்று முசலிப் பாடசாலைகளுக்கும் செல்லுதல் வேண்டும். அளக்க இடந்தந்தோர்க்கு அது கடனாகும். இரண்டாம் ஆண்டில் மாதிரி செய்யப்படும். மூன்றாம் ஆண்டில் நம் மாணவரே பாகங்களை வெட்டிப் பெட்டியில் அடைத்து ஏனைய கல்லூரிகளுக்கு அனுப்பலாம். அப்போது வேறோர் ஊர்ப் பிள்ளை அப்பெட்டியைத் திறந்து, ஏராக்கட்டையை நிறுத்தி, வங்குகளை எண்ணி, இது எக்கரையின் கலம் என்று வினவுவான். அவனுக்குச் சொல்வதற்கு முசலி என்னும் பெயர் நம்மிடம் இருக்கும்.

மேனாட்டார் ஏரியின் அடியிலிருந்து தம் படகை எடுத்தனர். நம் தோணிகளோ இன்னும் கரையிலேதான் நிற்கின்றன. அடுத்த மாரிக்குமுன் அளவுநாடாவோடு அங்கே செல்வோமாக.