ரசீது இல்லாத ராட்சசன்

உலகிலேயே பெரிய டைனோசர் நம்ம அரியலூர் கல்லமேட்டில் கிடைத்தது என்று யாராவது மார்தட்டினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எலும்பு எங்கே சார்?

பிருகத்காயசாரஸ். 'பேருடல் கொண்ட பல்லி' என்று அர்த்தம். 1987-இல் யாதகிரி, அய்யாசாமி இருவரும் பெயர் வைத்தபோது அது இறைச்சி தின்னும் தெரோபாட். 1990-களில்தான் நீண்ட கழுத்தும் இலைதழைச் சாப்பாடுமான சாரோபாட் கூட்டத்துக்கு மாற்றினார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர்! ஆனால் அந்த எலும்புகள் பொடிந்து மண்ணாகிவிட்டன. 2017-இல்தான் விஷயம் அச்சில் வந்தது.

மிச்சம், பழைய கோட்டுப் படங்களும் 2022-இல் வெளியான சில புகைப்படங்களும். 2023-இல் இதற்குப் போட்ட எடை 110 முதல் 170 டன். வித்தியாசம் மட்டுமே 60 டன்! வவுச்சர் இல்லாமல் இப்படி ஒரு கணக்கை எங்கள் காமர்ஸ் வகுப்பில் நீட்டினால் முட்டைதான்.

படம் போதாதா என்பீர்கள். சாரோபாட் என்று நம்பப் போதும். முதல் பரிசு கொடுக்கப் போதாது. சந்தேகப்படுகிறவன் போய் அளந்து பார்க்க எலும்பு வேண்டும். 2017-இல் பெயர் பெற்ற அர்ஜென்டினாவின் படகோடைட்டனுக்கு ஆறு விலங்குகளின் எலும்புகள் இருக்கின்றன.

பெருமை வேண்டுமா? அடுத்து கிடைக்கும் எலும்புக்காவது ஒரு வார்ப்பு எடுத்து, ஒழுகாத கூரைக்கு அடியில் வையுங்கள். பட்டம் அப்புறம் கட்டலாம்.