வெளுத்த பவளத்துக்கு அக்டோபர் வரை ஓய்வு கொடுங்கள்

2024 கோடையை ஏலத்தோட்டக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். கோடை மழை ஏமாற்றியது. போடிமெட்டு தாண்டி பூப்பாறைப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில், நிழல் குறைந்த சரிவில் இலை வெளிறி, சரம் கருகி, தட்டையே சாய்ந்தது. பச்சை வலை கட்டியவர்கள் கொஞ்சம் காப்பாற்றினார்கள். இடுக்கி மாவட்டம் முழுக்கவே பெரிய அடி.

அதே மாதங்களில் மன்னார் வளைகுடாவிலும் பவளம் வெளுத்தது. லட்சத்தீவில் நிலைமை இன்னும் மோசம். உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அந்த ஏப்ரலில்தான் அறிவித்தார்கள். எங்கள் சேதம் சாலையில் போகிற எவர் கண்ணுக்கும் தெரிந்தது. கடலுக்கடியில் நடந்ததை மூழ்கிப் பார்த்த சிலரே கண்டார்கள். அதனால்தான் மலைக்காரனான நான் இதை எழுதுகிறேன்.

பவளம் உயிருள்ள பிராணி. அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலை வைத்துச் சமைத்து, அதற்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியைக் கொடுக்கிறது. மன்னார் வளைகுடாவில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. உள்ளிருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரியும். அப்போதும் அது சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு தணிந்தால் பாசி திரும்பலாம். 2016-ல் பலவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கடலடியில் சுமார் 39 சதவீதப் பரப்பில் இருந்த உயிர்ப்பவளம் ஒரே ஆண்டில் 23 சதவீதத்துக்கு இறங்கியதைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்திருக்கிறது.

இங்கேதான் என் கோரிக்கை வருகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை அது. ஆனால் பவளம் வெளுக்கும் மாதங்களும் ஏறக்குறைய அவைதான். தடை முடிந்ததும் விசைப்படகுகள் மொத்தமாகக் கடலில் இறங்குகின்றன. பவளம் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரம் அது. இழுவைமடி கிளப்பும் சேறு அதன் மேல் படிகிறது. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் காவல், அங்குள்ள 21 தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த கடலுக்குத்தான். சேற்றுக்கு அந்த எல்லை தெரியாது.

எனவே வெளுப்பு நடந்த ஆண்டுகளில் மட்டுமாவது, தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் இழுவைமடிக்கு அக்டோபர் வரை தடையை நீட்டிக்க வேண்டும். நாட்டுப்படகுக்காரர்களை இதில் இழுக்கக் கூடாது. விசைப்படகுத் தொழிலாளர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும். தடைக்கால நிவாரணமாக இப்போது கொடுக்கும் 8,000 ரூபாய் போல, நீட்டித்த மாதங்களுக்கும் கொடுக்கட்டும். இருக்கிற பவளத்தைக் காப்பதற்கு இது அதிகச் செலவல்ல.

அந்தத் தீவுகளில் ஒன்றான வான் தீவுப் பக்கம் செயற்கைப் பாறைகள் இறக்கியிருக்கிறார்கள், பவளத் துண்டுகளையும் நட்டு வளர்க்கிறார்கள். நல்ல வேலை, நடக்கட்டும். ஆனால் கருகிய ஏலச்செடியைப் பிடுங்கி மறுநடவு செய்தால் மூன்றாம் ஆண்டு காய் எடுக்கலாம். உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஆளுயரப் பவளம் செத்தால் நம் பேரன் காலத்திலும் அது திரும்பாது.

பூமி சூடாவதைப் படகை நிறுத்தியா தடுக்க முடியும் என்று கேட்பார்கள். முடியாது. வெப்பம் 1.5 டிகிரி கூடினாலே உலகப் பவளத்தில் 70 முதல் 90 சதவீதம் போய்விடும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. நிலக்கரியை விடாமல் எந்தக் கடலும் தப்பாது. ஆனால் மிஞ்சப்போகும் பத்து, முப்பது சதவீதத்தில் மன்னார் வளைகுடா இருக்குமா என்பது பெருமளவு நம் கையில் இருக்கிறது. சுண்ணாம்புக்காகப் படகு படகாகப் பவளக்கல் வெட்டியதையே நிறுத்திக் காட்டிய கரை அது. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளத்தைச் சேர்த்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வெட்டு நின்றது.

மீன்வளத்துறையும் வனத்துறையும் மீனவர் சங்கங்களும் அடுத்த ஏப்ரலுக்கு முன்பே உட்கார்ந்து பேசி இதை முடிவு செய்ய வேண்டும். கடல் சூடேறிய பிறகு கூட்டம் போட்டுப் பயனில்லை.