கொண்டு விட்டாச்சா?

"தம்பி, அம்மையைக் கொண்டு விட்டாச்சா?"

ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்கு நான்கு கடை தள்ளிப் பலசரக்கு வணிகம் நடத்தும் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அதில் குத்தல் ஏதும் இல்லை. சிறுவயது முதல் என்னை அறிந்தவர், அக்கறையோடுதான் கேட்டார். ஆயினும் அன்று முழுவதும் கிளையில் அமர்ந்து காசோலைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அந்த ஒரு சொல் என்னை விட்டு அகலவில்லை. பெற்ற தாயைக் "கொண்டு விட்ட" மகன் என்று தெரு என்னைக் கணக்கில் எழுதிவிட்டது.

நடந்தது இதுதான். எழுபத்து நான்கு வயதான என் தாயார் ஆவணி மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை, வீட்டின் பின்கட்டில் வழுக்கி விழுந்தார். இடுப்பு மூட்டில் எலும்பு முறிவு. மறுநாளே அறுவை சிகிச்சை நடந்தது. பாதி மூட்டை மாற்றினார்கள். அதற்கு மறுநாள் வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கச் செய்தார்கள். ஏழாம் நாள், "இனி நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவமனையின் பக்கம் நின்று பார்த்தால் அது சரியே. தையல் நன்றாக இருந்தது, காய்ச்சல் இல்லை, படுக்கைக்கு வேறொரு நோயாளி காத்திருந்தார். ஆனால் அன்று அம்மாவால் நடக்க முடிந்தது நான்கு அடிகள் மட்டுமே.

எங்கள் வீட்டையும் சொல்ல வேண்டும். சாலைக் கடைத்தெருவை ஒட்டிய பழைய வீடுகள் எப்படி இருக்கும் என்பது திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்குத் தெரியும். முன்பக்கம் குறுகி, பின்பக்கம் நீண்டு செல்லும். அறைக்கு அறை உயர்ந்த வாசற்படி. கழிப்பறை கடைக்கோடியில், மூன்று படி இறங்கினால்தான் வரும். அதுவும் குந்தி அமரும் வகை. மூட்டு மாற்றியவர் இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, தரையில் அமரக் கூடாது, காலின்மேல் காலைப் போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு, நானும் மனைவியும் அந்த வீட்டை முதல்முறையாக ஒரு நோயாளியின் கண்ணால் பார்த்தோம்.

கேரளத்தில் இந்த இடைவெளியை நிரப்ப இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, குடும்பத்தில் ஒருவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கூடவே இருப்பது. இங்குள்ள மருத்துவமனைகளில் அவருக்கு "பைஸ்டாண்டர்" என்று பெயர். அனுமதிச் சீட்டும் உண்டு. மற்றொன்று, முகவர் நிலையம் வழியாக ஹோம் நர்ஸ் அமர்த்துவது. இருவரும் மதிப்புக்குரியவர்களே. ஆனால் இருவரின் இயல்பும் நோயாளிக்கு வேலை வைக்காமல் தாமே செய்துவிடுவது. தண்ணீர் கையில் வரும், உணவு வாயில் வரும், போர்வை தானாக மேலே ஏறும். அன்பின் பெயரால் கால்கள் மறந்துபோகும். மூட்டு அறுவைக்குப் பின் வரும் முதல் சில வாரங்களில் தசையை மீட்காவிட்டால், வெற்றிகரமாக முடிந்த அறுவையும் ஆளைப் படுக்கையிலேயே விட்டுவிடும்.

ஆகவே நகருக்குள்ளேயே, இயன்முறை மருத்துவரும் செவிலியரும் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் அம்மாவைச் சேர்த்தோம். முப்பத்தைந்து நாள்கள். இதற்குத் தமிழில் சரியான சொல் இல்லாததும் ஒரு சங்கடம். "மறுவாழ்வு மையம்" என்று அலுவலகத்தில் சொன்னபோது, சக ஊழியர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கா? என்ன பழக்கம்?" என்று கேட்டார். "முதியோர் இல்லம்" என்றாலோ, பெரியவரின் கேள்வி தயாராக இருக்கிறது.

அங்கே நடந்த நல்லவற்றை முதலில் சொல்கிறேன். காலையும் மாலையும் தவறாத பயிற்சி. தன்னைப்போலவே வாக்கர் பிடித்து நடக்கும் வேறு ஐந்தாறு பேர். அவர்களுக்குள் சொல்லாமல் நடந்த போட்டி. இரண்டாம் வாரம் இயன்முறை மருத்துவர் என்னிடம் ஒரு வேலை தந்தார். எங்கள் வீட்டு வாசற்படிகளின் உயரத்தை அளந்து வரச் சொன்னார். ஏழு அங்குலம் என்றேன். மறுநாள் பயிற்சிக் கூடத்தில் அதே உயரத்தில் ஒரு மரப்படி இருந்தது. அம்மா அதன்மீது ஏறி இறங்கியதைப் பார்த்தபோதுதான், நாங்கள் செலுத்தும் பணம் அறைக்கும் உணவுக்கும் மட்டுமானதன்று என்று என் மனம் சமாதானம் அடைந்தது.

குறையையும் மறைக்கக் கூடாது. பகலில் கழிப்பறைக்குத் தானே நடந்து செல்லப் பழகிய அம்மாவுக்கு, இரவானதும் டயாப்பர் அணிவித்தார்கள். இரவுப் பணியில் பன்னிரண்டு பேருக்கு ஒரு பணிப்பெண். அழைத்தால், "அதிலேயே போய்விடுங்கள் அம்மா, காலையில் மாற்றிவிடலாம்" என்று பதில். வெட்கத்தால் எட்டு நாள்கள் அம்மா இதை எங்களிடம் சொல்லவில்லை. நாகர்கோவிலிலிருந்து வந்த அக்காவிடம்தான் சொன்னார். நிர்வாகியிடம் கேட்டபோது, "இரவில் விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?" என்றார். அவர் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பகலில் கற்றதை இரவில் மறக்கச் செய்யும் பாதுகாப்பு என்ன பாதுகாப்பு? இரவு பதினொன்றுக்கும் அதிகாலை நான்குக்கும் எழுப்பி அழைத்துச் செல்வது என்று எழுத்தில் வாங்கினோம். முதல் ஐந்து இரவுகள் அக்கா உடன் தங்கினார். அதன்பின் அது பழக்கமாயிற்று. இத்தகைய இல்லங்களைப் பார்க்கச் செல்பவர்கள் குளிர்சாதனத்தையும் தொலைக்காட்சியையும் விசாரிக்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பேர்?

இதனால்தான், ஆளைச் சேர்த்துவிட்டு மாதக் கடைசியில் பணம் கட்டப் போகும் முறை இதற்குப் பொருந்தாது என்கிறேன். நாள்தோறும் ஒருவர் செல்ல வேண்டும். வேளை மாற்றிச் செல்ல வேண்டும். அங்கிருந்தவர்களில் வேகமாகத் தேறியவர்கள் பெரும்பாலும் வீட்டார் அடிக்கடி வந்துபோனவர்களே. இது என் கண்ணில் பட்ட அளவு மட்டுமே; ஆய்வு அன்று.

அம்மாவுக்கு இருந்த ஒரே ஏக்கம் நவராத்திரி. ஆண்டுதோறும் குமரி மாவட்டத்திலிருந்து பத்மநாபபுரம் சரஸ்வதியும், வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்வதும், அவர்களில் குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலில் தங்குவதும் வாசகர்கள் அறிந்ததே. சுவாமி வந்த அன்று அம்மா இல்லத்தில்தான் இருந்தார். விஜயதசமியன்று வீடு திரும்பினார். நலம் விசாரிக்க வந்த அதே பலசரக்குப் பெரியவர், தயக்கத்தோடு, "அங்கே தனியாக விட்டுவிட்டார்களே என்று இருந்ததா?" என்று கேட்டார். "குமாரசுவாமியுந்தான் மலையை விட்டு வந்து இங்கே பத்து நாள் இருக்கார். அவரை யாராவது கொண்டு விட்டாங்கன்னு சொல்லுதோமா?" என்றார் அம்மா. பெரியவர் சிரித்துவிட்டார். நான் இன்னும் அந்த வாதத்துக்கு மறுப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனி பணம். வங்கி இதழில் எழுதும்போது இதை விட்டுவிட முடியாது.

அறுவை சிகிச்சைச் செலவை மருத்துவக் காப்பீடு ஏற்றது. இல்லத்தின் 35 நாள் கட்டணம் ஏறக்குறைய 78,000 ரூபாய். அதில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. கோரிக்கையை மறுத்த கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பாலிசியை எடுத்துப் படித்தபோது வெட்கம் வந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் மருத்துவ பாலிசிகளுக்கான விலக்குகளை ஒரே வாசகத்தில் முறைப்படுத்தியது. அவற்றுள் 05 என்ற குறியீட்டின் கீழ் வருவது, ஓய்வுச் சிகிச்சை, மறுவாழ்வு, இளைப்பாற்றுப் பராமரிப்பு ஆகியவை. குளித்தல், உடுத்தல், நடமாடுதல் போன்ற அன்றாடச் செயல்களுக்கான உதவி, வீட்டிலோ பராமரிப்பு இல்லத்திலோ, பயிற்சி பெற்ற செவிலியரே செய்தாலும், அதற்குக் காப்பீடு இல்லை என்று அதில் தெளிவாக உள்ளது. வாடிக்கையாளர்கள் பலருக்கு நானே இத்தகைய பாலிசிகளை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அறை வாடகை வரம்பையும், முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தையும் விளக்கியிருக்கிறேன். இந்த வரியை ஒருவருக்கும் படித்துக் காட்டியதில்லை. மருத்துவமனையிலிருந்து வந்தபின் 60 நாள் போன்ற குறிப்பிட்ட காலச் செலவை ஏற்கும் பிரிவு பல பாலிசிகளில் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த இயன்முறைப் பயிற்சிக் கட்டணத்தை மட்டும் தனி ரசீதாக வாங்கியிருந்தால் அதன்கீழ் கேட்டுப் பார்த்திருக்கலாம். எங்கள் ரசீதில் எல்லாம் ஒரே தொகையாக இருந்தது.

பிற நாடுகள் இதை வேறாகப் பார்க்கின்றன. அமெரிக்காவின் மெடிகேர் திட்டத்தில், மூன்று நாளேனும் உள்நோயாளியாக இருந்து வந்த முதியவருக்குத் திறன்சார் பராமரிப்பு இல்லத்தில் 100 நாள் வரை உதவி உண்டு; முதல் 20 நாள் முழுச் செலவையும் திட்டமே ஏற்கிறது. ஜெர்மனி 1995-இலும், ஜப்பான் 2000-இலும் பராமரிப்புக்கெனத் தனிக் காப்பீட்டைத் தொடங்கின. ஜப்பானில் நாற்பது வயதிலேயே சந்தா தொடங்கிவிடுகிறது. அந்நாடுகளின் ஏற்பாடுகளில் குறை இல்லாமல் இல்லை. ஆனால் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் உண்டு என்பதை அவை ஒப்புக்கொண்டிருக்கின்றன.

கேரளத்துக்கு இது புரியாத செய்தி அன்று. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் வளர்ந்து, 2008-இல் மாநில அரசே அதற்கெனக் கொள்கை வகுத்தது. நம் நகரத்திலேயே 2003 முதல் பாலியம் இந்தியா இயங்கிவருகிறது. இரிஞ்ஞாலக்குடையில் உடலியக்க மறுவாழ்வுக்கெனத் தனி நிறுவனம் உள்ளது. தீராத நோயாளியின் வீடு தேடிச் செல்லக் கற்ற ஒரு மாநிலம், தேறக்கூடியவரின் ஐந்து வாரத்துக்கு வழி காண முடியாதா? மருத்துவர் எழுதித் தந்தால், முப்பது அல்லது நாற்பது நாள் என்ற வரம்புக்குள், மறுவாழ்வுச் செலவைக் காப்பீடு ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. வரம்பில்லாப் பராமரிப்பையும் வரம்புள்ள மீட்சியையும் ஒரே விலக்கில் அடைப்பது கணக்கியல்படியும் பிழை. நடக்கக் கற்காமல் வீடு திரும்பியவர் மீண்டும் விழுந்தால், அந்த இரண்டாம் அறுவைக்குப் பணம் கொடுக்கப் போவதும் அதே நிறுவனம்தான்.

அதுவரை, நாமே செய்துகொள்ள வேண்டிய சில உண்டு. அந்த இல்லத்தில் அம்மாவுக்கு எதிர் அறையில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் இருந்தார். பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தது. நினைவு தெளிவாக இருந்தது. அவர் கணக்கு எங்கள் கிளையில்தான். அவருடைய மகன் என்னிடம், "சார், நான்தானே நாமினி? அப்பாவின் வைப்புத்தொகையை உடைத்து இல்லத்துக்குக் கட்ட முடியாதா?" என்று கேட்டார். முடியாது. கணக்குதாரர் உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு எந்த உரிமையும் இல்லை. "இருவரில் ஒருவர் அல்லது பிழைத்திருப்பவர்" என்று கூட்டாக வைத்த வைப்புத்தொகையைக்கூட, இருவரும் உயிருடன் இருக்கையில், முதிர்வுக்கு முன் எடுக்க இருவர் கையொப்பமும் வேண்டும். அதிகாரப் பத்திரமும் எழுதிக் கொடுத்தவரின் மனத்தெளிவு உள்ளவரை மட்டுமே செல்லும். அது போனபின் நீதிமன்றத்தை நாட வேண்டியதாகும். எனவேதான் பெரியவர்களின் பணம் முழுவதையும் ஒரே நீண்டகால ரசீதில் பூட்டாமல், சிறு சிறு தொகைகளாக வெவ்வேறு முதிர்வு நாள்களில் பிரித்து, ஐந்தாறு வாரச் செலவுக்கான தொகையைக் கூட்டுச் சேமிப்புக் கணக்கில் வைக்கச் சொல்கிறேன். அம்மாவின் வைப்புத்தொகையையும் கார்த்திகையில் அப்படிப் பிரித்தோம்.

அந்த ஓய்வூதியருக்கு வழி இருந்தது. கையொப்பமிட இயலாத ஓய்வூதியர், இரு சாட்சிகளின் முன்னிலையில் விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறை இடமளிக்கிறது. சாட்சிகளில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்க வேண்டும். எழுபது வயதைக் கடந்தோருக்கும் நோயுற்றோருக்கும் வீட்டு வாசலிலேயே அடிப்படைச் சேவை தர 2017-இலேயே வங்கிகள் பணிக்கப்பட்டுவிட்டன. படிவத்தையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு நானும் சக அலுவலர் ஒருவரும் சென்றோம். அவர் மைப்பெட்டியைத் தள்ளிவிட்டு, பேனாவை இடக்கையில் வாங்கி, ஏறத்தாழ ஐந்து நிமிடம் முயன்று தம் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை எழுதினார். எங்களிடம் உள்ள மாதிரிக் கையொப்பத்தோடு அது ஒத்துப்போகவில்லை. அதை அவரிடம் சொன்னபோது தலையசைத்தார். இடக்கைப் பெருவிரலை நீட்டினார். படிவத்தில் இரண்டும் இருக்கின்றன.