பேரப்பிள்ளைக்கு 'மாட்டேன்' சொல்லத் தெரியட்டும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது அடிக்கடி காதில் விழும் புலம்பல் ஒன்று உண்டு. "மூணாங் கிளாஸ் பிள்ளைக்கு எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல நாடகம் போடறாங்க சார். பொம்மையை வெச்சுப் பாட்டுப் பாடறாங்க. பிஞ்சு மனசுல இதையெல்லாம் எதுக்குத் திணிக்கணும்?"

கேட்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் சொல்வது தவறு. அது ஆபத்தான தவறு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். அவர்களில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொந்தரவு செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். பிஞ்சு மனதைக் கெடுப்பது நாடகமா, இதுவா?

"வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தால் போதாதா, ஆட்டம் பாட்டம் எதற்கு?" என்று அடுத்த கேள்வி வரும். புத்திமதி காதோடு நின்றுவிடும். பெரியவர் ஒருவரிடம் ஒரு முறைகூட 'வேண்டாம்' என்று சொல்லிப் பழகாத பிள்ளைக்கு, ஆபத்து வரும்போது குரலே எழும்பாது. நாடகத்தில் அந்தப் பிள்ளை எழுந்து நின்று, கையை நீட்டி, உரக்க 'வேண்டாம்' என்று சொல்கிறது. ஓடிப் போய் டீச்சரிடம் சொல்வது போல் நடிக்கிறது. பத்து முறை நடித்தால் வாய்க்கும் காலுக்கும் பழகிவிடும். "உனக்கு ஏதாவது நடந்ததா?" என்று கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகூட, "இந்தப் பொம்மை ஏன் பயப்படுது? அது யார்கிட்ட சொல்லலாம்?" என்றால் தானாகப் பேசும்.

கலையின் பலம் நமக்குப் புதிதா என்ன? 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கலைப்பயணக் குழுக்களோடு ஊர் ஊராக வந்ததே, மறந்துவிட்டதா? புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் எழுத்து மட்டுமா கற்றார்கள்? சைக்கிளும் ஓட்டினார்கள். பாட்டும் வீதி நாடகமும் தந்த துணிச்சலுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

பள்ளிக்கூடங்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. பல இடங்களில் ஆண்டுக்கு ஒரு நாள் பேனர் கட்டி, ஒரு மணி நேரம் நடத்தி, போட்டோ எடுத்தால் கடமை முடிந்தது. நாடகத்தில் வரும் வில்லன் எப்போதும் மீசையும் மிட்டாயுமாக வரும் முன்பின் தெரியாத ஆள். பிள்ளை அந்த மீசைக்காரனுக்குப் பயப்படக் கற்றுக்கொள்ளும். தினமும் வீட்டுக்கு வந்து போகும் ஆளை நம்பிக்கொண்டே இருக்கும். சைல்டுலைன் அமைப்பு வெளியிட்ட 'கோமல்' என்ற சிறிய கார்ட்டூன் படத்தைப் பாருங்கள். அதில் தப்பு செய்கிறவர் அப்பாவின் நண்பர், பக்கத்து வீட்டுக்காரர். உண்மைக்கு அதுதான் நெருக்கம்.

நாடகம் 'வேண்டாம்' என்பதோடு முடியவும் கூடாது. யாரிடம் சொல்வது, அவர் நம்பாவிட்டால் அடுத்து யாரிடம் சொல்வது, இதில் உன் மேல் தப்பே இல்லை என்பது வரை போக வேண்டும். சார்ட் பேப்பரில் உடம்பின் படத்தை வரைந்து, எல்லா உறுப்புக்கும் சரியான பெயர் சொல்லித் தர வேண்டும். பெயர் தெரியாத இடத்தைப் பற்றிப் பிள்ளை எப்படிப் புகார் சொல்லும்? அதே சமயம், பிள்ளை வரைந்த படத்தை வைத்துக்கொண்டு ஆசிரியர் துப்பறியக் கிளம்ப வேண்டியதில்லை. பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்டாலே போதும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பள்ளியில் 'வேண்டாம்' என்று நடித்துவிட்டு வரும் பேத்தியிடம் நாம் என்ன சொல்கிறோம்? "மாமாவுக்கு ஒரு முத்தா குடு. குடுக்கலைன்னா மாமா அழுவாரு." பிள்ளை நெளிகிறது, அம்மாவின் பின்னால் ஒளிகிறது. நாம் சிரித்துக்கொண்டே பிடித்து இழுத்து மடியில் உட்கார வைக்கிறோம். பெரியவர்கள் கேட்டால் உன் உடம்பைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற பாடத்தை நடத்துவது நாம்தான். பெரியவர்களுக்கு மரியாதை செய்யக் கைகூப்பி ஒரு வணக்கம் போதும்.

இன்னொன்று, 'குடும்ப மானம்'. பிள்ளை ஏதாவது சொன்னால், "வெளியில சொல்லாதே" என்று வாயைப் பொத்துவதும் பெரும்பாலும் நம் தலைமுறைதான். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. என்ன செய்வதென்று புரியவில்லையா? 1098க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான அந்த உதவி எண் இரவு பகல் எந்நேரமும் உண்டு, காசு கிடையாது.

எனவே பள்ளிக்குப் போய்ச் சண்டை போடுவதானால், "ஏன் நாடகம் போட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். "ஏன் வருஷத்துக்கு ஒரு முறைதான் போடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். சாயங்காலம் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, பள்ளியில் போட்ட நாடகத்தை வீட்டில் ஒரு தடவை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்களைப் பார்த்து 'மாட்டேன்' என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் கை தட்டுங்கள்.