பாம்பா, மீனா? கல்லைக் கீழ போட்டுட்டு பேரைக் கேளுங்க!

செல்லூர் என்றதும் உங்களுக்குத் தெர்மாகோல்தான் ஞாபகம் வருதா? உங்க மேல தப்பில்லை, 2017 மீம்கள் செய்த வேலை அது. ஆனால் செல்லூரில் ஒரு கண்மாயும் இருக்கு. 2024 அக்டோபர் மழையில் அந்தத் தண்ணீர் தெருவுக்குள்ளேயே வந்ததை மதுரைக்காரங்க மறந்திருக்க மாட்டீங்க.

கண்மாயோ வைகையோ, தண்ணீர் வந்தால் தூண்டிலும் வந்துடும். அதில் என்னைக்காவது நீளமா, வழவழன்னு, நெளிஞ்சுக்கிட்டு ஒண்ணு மாட்டும். உடனே "பாம்புடா!"ன்னு ஒரு சத்தம், அடுத்து கல், அப்புறம் செல்போன். செத்துக் கிடப்பது "மர்ம உயிரினம்" என்ற தலைப்போடு ரீல்ஸில் ஓடும். இந்த வரிசை மாறணும் என்பதுதான் என் கருத்து. முதலில் படம், அடுத்து பேர். கல் வேண்டவே வேண்டாம்.

பேர் கண்டுபிடிப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. நம்ம பக்கத்து நன்னீரில் பாம்பு மாதிரி தெரிவது பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்.

மூக்கு கூராக நீண்டு, முதுகில் குட்டிக் குட்டி முள் வரிசை இருந்தால் அது ஆரல் மீன். முள் குத்தும், ஜாக்கிரதை. மற்றபடி குழம்புக்கு ஏத்தது.

தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னத் துடுப்பு, முதுகில் ஆரம்பித்து வாலைச் சுற்றி வயிறு வரை ஒரே நாடா மாதிரி ஓடும் துடுப்பு இருந்தால் அது விலாங்கு. "ஈல்னா ஷாக் அடிக்கும்ல?"ன்னு கேட்கும் ட்ரிபிள்-ஈ நண்பர்களே, 860 வோல்ட் வரை அடிக்கும் அந்த மீன் தென் அமெரிக்காவில் இருக்கு. பேரில் ஈல் இருந்தாலும் அது விலாங்கு இனமே இல்லை.

செதில் இருக்கு, துடுப்பு இல்லை, நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கு, மூச்சு விட மேலே வருது என்றால் அது பாம்புதான். உடம்பில் செஸ் போர்டு கட்டமும், கண்ணுக்குக் கீழே கறுப்புக் கோடும் இருந்தால் தண்ணிப்பாம்பு. கோபக்காரப் பாம்பு, கடிக்கும், ஆனால் விஷமில்லை. அதன் அறிவியல் பெயரில் வரும் 'பிஸ்கேட்டர்' என்ற லத்தீன் சொல்லுக்கு மீனவன் என்று பொருள். நீங்க தூண்டில் போடும் இடத்துக்கு அதுவும் மீன் பிடிக்கத்தான் வந்திருக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்குது, அடிப்பது குற்றம். அதுக்காகக் கையில் பிடிச்சு ஹீரோ ஆகவும் வேண்டாம். நல்ல பாம்புக்கும் நீச்சல் தெரியும். சந்தேகம் இருந்தால் நூலை வெட்டி விட்டுத் தள்ளி நில்லுங்க.

"இவ்வளவு மெனக்கெடணுமா பாஸ்?"ன்னு கேட்டால், மலப்புரம் கதையைச் சொல்றேன். 2018-ல் கேரளாவில் மலப்புரம் பக்கம் ஒரு நெல் வயலில் பாம்பு மாதிரி நீளமான ஒரு மீன் கிடைச்சது. அதன் படம் சமூக வலைத்தளத்தில் வர, மீன் ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் பட்டது. 2019-ல் 'எனிக்மசன்னா கொல்லம்' என்று பெயர் வைத்தார்கள். இந்தக் 'கொல்லம்' ஊர் இல்லை, 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தில் குகைக்குள் கிடக்குமே, அந்த ஆள்! காரணம், இந்த மீனும் பூமிக்கடியில் இருக்கும் நீரில் வாழ்வது. நம்ம விராலுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட வம்சம் என்பதால் 2020-ல் அதற்குத் தனிக் குடும்பமே உருவாக்கினார்கள். அன்னைக்கு வயலில் பார்த்தவர் கல்லைத் தூக்கியிருந்தால் இந்தக் கதை அந்த வரப்பிலேயே முடிஞ்சிருக்கும்.

விலாங்குக்கும் ஒரு கதை இருக்கு. அது பிறப்பது கடலில். குஞ்சாக ஆற்று முகத்துவாரத்துக்கு வந்து, எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறி, வருஷக்கணக்கில் நன்னீரில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும். அப்படி ஒண்ணு தானாக மதுரை வரைக்கும் வந்து உங்க தூண்டிலில் மாட்டினால், வைகைக்கும் கடலுக்கும் இன்னும் வழி இருக்குன்னு அர்த்தம். எத்தனை தடுப்பணை, எத்தனை வறண்ட மாதம் தாண்டி வந்திருக்கணும் யோசிங்க. அந்தச் செய்தியைத்தான் நாம் கல்லால் அடிக்கிறோம்.

என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சவங்களுக்கு ஈல் பாடப் புத்தகத்தில் வந்தது. விலாங்கு, "பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும்" என்ற பழமொழியில் மட்டும் வந்தது. இரண்டும் ஒண்ணுன்னு யாரும் சேர்த்துச் சொல்லலை. ஆனால் கரையில் வலை உதறும் அண்ணனைக் கேளுங்க. ஆரல், விலாங்கு, விரால் என்று பார்த்த நொடியில் சொல்லிடுவார். கூகுள் லென்ஸ் திணறுவது அவர்கிட்ட இருப்பது அதுகிட்ட இல்லாததால்தான்.

மெஷின் லேர்னிங்கில் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடும் ஜூனியர்களே, இன்னொரு ஃபேஸ் டிடெக்‌ஷன் அட்டென்டன்ஸ் வேண்டாமே. 'பாம்பா மீனா' என்று சொல்லும் ஒரு ஆப் செய்யுங்க. படம் எடுக்க கண்மாய்க்குப் போங்க, லேபிள் போட அந்த அண்ணனைக் கூப்பிடுங்க, அவர் பேரையும் ரிப்போர்ட்டில் போடுங்க.