பூக்கவிடாத மேய்ச்சல்

மேய்ச்சல் நிலத்தைப் பார்வையிடச் செல்லும் ஊழியர் முதலில் கவனிப்பது பசுமையையே. செடிகள் நெருங்கி நின்றால் நிலம் நன்று என்றும், வெறும் மண் தெரிந்தால் நிலம் கெட்டது என்றும் குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. இந்த அளவுகோல் போதாது என்பதைத் தென்னாப்பிரிக்காவின் கரூ பிரதேசத்தில் வளரும் சிறு புதர்ச்செடி ஒன்று தெளிவாகக் காட்டுகிறது.

கரூ, மழை குறைந்த, மரங்கள் அரிதான பரந்த வெளி. செம்மறி வளர்ப்பு அங்கு நெடுங்காலமாக முக்கியத் தொழில். அங்குள்ள குட்டைப் புதர்களுள் பல, சூரியகாந்தி அடங்கிய ஆஸ்டரேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்று டிரிப்டெரிஸ் சினுவாட்டா. கடும் வறட்சியில் இலைகளை உதிர்த்துக் குச்சியாய் நிற்கும் இச்செடி, மழை பெய்ததும் தளிர்த்து மஞ்சள் மலர்களைத் தரும். ஒரே பூவாகத் தோன்றுவது உண்மையில் பல சிறு பூக்களின் தொகுதி. விளிம்பிலுள்ள பூக்களே விதை தரும். நடுவிலுள்ளவை மகரந்தம் மட்டுமே அளிக்கும். காய்க்கு மூன்று இறகுகள் உண்டு. காற்று அதனைப் பரப்புகிறது. டிரிப்டெரிஸ் என்னும் கிரேக்கப் பெயரின் பொருளும் அதுவே.

ஆடுகள் இச்செடியை விரும்பித் தின்னும். அதுவே அதன் சிறப்பு. அதுவே அதற்கு ஆபத்து. அதே நிலத்தில் வளரும் டெரோனியா பாலென்ஸும் அதே குடும்பந்தான்; ஆனால் ஆட்டின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சுடையது. வேறு தீனி உள்ளவரை ஆடுகள் அதனை ஒதுக்கிவிடுகின்றன. ஓயாமல் கடிபடும் செடியின் மொட்டு மலர்வதில்லை. ஒதுக்கப்பட்ட செடியோ தடையின்றி விதை சொரிகிறது. பிரின்ஸ் ஆல்பர்ட் என்னும் ஊரை அடுத்த பகுதியில் ஆராய்ந்து சூசன் மில்டன் 1992, 1994 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், மேய்ச்சலால் நல்ல தீவனச் செடிகளின் பூவும் விதையும் குன்றுவதை எடுத்துக் காட்டின.

இந்தக் கேடு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புதர்கள் பல ஆண்டுகள் வாழ்பவை. முதிய செடிகள் நிற்கும்வரை நிலம் மாறாததுபோல் தோன்றும். பிள்ளைகள் இல்லாத ஊரில் முதியவர்கள் மட்டும் மாலைதோறும் விளக்கேற்றுவதைப் போன்றது அந்நிலை. விளக்குகளை எண்ணிப் பார்ப்பவருக்கு ஊர் செழிப்பாகவே தெரியும். மில்டனும் உடன் ஆராய்ந்தோரும் 1994 இல் வரண்ட மேய்ச்சல் நிலங்களின் சீரழிவைப் படிப்படியாக வகுத்துக் காட்டினர். முதற்படியில் மந்தையை முறைப்படுத்தினாலே போதும். நல்லினம் அற்றுப்போன பின் விதை தேடி விதைக்க வேண்டும். மண்ணும் அரித்துப்போனால் செலவு நிலத்தின் பயனையே விஞ்சிவிடும்.

ஆகவே, நிலத்தின் தகுதியை நிற்கும் செடிகளைக் கொண்டு மட்டுமன்றி, முளைத்திருக்கும் கன்றுகளைக் கொண்டும் மதிப்பிட வேண்டும். நிலத்துக்கு ஓய்வளிக்கும் காலத்தையும் நாட்காட்டி நிர்ணயிக்கலாகாது. நல்ல மழைக்குப் பின் மொட்டு விட்டது முதல் விதை உதிரும் வரையிலான காலமே உண்மையான ஓய்வுக்காலம். மழையற்ற மாதங்களில் வேலியடைத்துவிட்டு மழை கண்டதும் மந்தையைத் திறந்துவிடுவது, உறங்குபவனுக்கு இலை போட்டு, விழித்ததும் இலையை எடுப்பதற்கு ஒப்பாகும்.

"ஆடு இன்றைக்குத் தின்றாக வேண்டுமே" என்று மேய்ப்பவர் கேட்பது நியாயமே. பசித்த மந்தையை வைத்திருப்பவரிடம் எதிர்கால விதையைப் பற்றிப் பேசுவது எளிதன்று. எனினும் முழு நிலத்தையும் ஒருங்கே அடைக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு பகுதியாக முறைவைத்து விடலாம். அக்காலத்துக்குரிய தீவனத்துக்கு வழிசெய்யாமல் தடை மட்டும் விதிக்கும் திட்டம் நிலைக்காது, நிலைக்கவும் கூடாது.

இந்தியாவின் மேய்ச்சல் நிலங்களில் செடிகள் வேறு, மழைப்பருவம் வேறு. கரூவின் முறையை அப்படியே பெயர்த்து நடுவது தவறாகும். ஆனால் ராஜஸ்தானத்துச் செவான் புல்லாயினும் தெற்கே கொழுக்கட்டைப் புல்லாயினும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: விதைக்க விட்டோமா? களப்பணியாளர் தம் குறிப்பேட்டில் கன்றுகளுக்கென ஒரு பத்தி சேர்க்கட்டும். ஆசிரியர் மாணவரைப் புறம்போக்குக்கு அழைத்துச் சென்று, ஆடு தின்னும் செடிகளின் கன்றுகளையும் தின்னாத செடிகளின் கன்றுகளையும் தனித்தனியே எண்ணச் செய்யட்டும். அந்த இரண்டு எண்களில் நிலத்தின் வருங்காலம் தெரியவரும்.