சிறு கதவும் சிறுவர் கையும்

வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்தடியில், ஒரு சாண் உயரமும் இல்லாத சிறு கதவு ஒன்றை நிறுத்தி, "இதற்குள் ஒரு குட்டித் தேவதை குடியிருக்கின்றது" என்று கதை கட்டும் விளையாட்டு மேலை நாட்டுச் சிறுவரிடையே பரவியுள்ளது. இத்தகைய கதவுகள் நெகிழியாலும் செய்யப்பெற்று, இன்று இணையக் கடைகள் வழியாக நம் நாட்டிலும் விலைக்குக் கிடைக்கின்றன. இவ்விளையாட்டை நம் பிள்ளைகளும் விளையாடலாமா என்று கேட்டால், தாராளமாக விளையாடலாம் என்பேன். அக்கதவை விலைக்கு வாங்கித் தரலாமா என்று கேட்டால், வேண்டா என்பேன். பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கே அமர்ந்து, தம் கையாலேயே அதனைச் செய்தல் வேண்டும். இவ்விளையாட்டின் பயன் முழுவதும் அச்செய்கையிலேயே அடங்கியிருக்கின்றது.

இங்கிலாந்து, அயர்லாந்து நாடுகளின் பழங்கதைகளில் குட்டித் தேவதைகள் மண்மேடுகளின் அடியிலும் மரங்களின் அருகிலும் வாழ்வதாகச் சொல்லப்படும். அக்கதைகளிலிருந்து பிறந்ததே இந்தச் சிறு கதவு. அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்றொரு நகரம் உண்டு. அங்கே வாழும் ஜோனதன் ரைட் என்னும் ஓவியர், 2005-ஆம் ஆண்டில் ஒரு காப்பிக் கடையின் சுவரடியில் இத்தகைய கதவு ஒன்றை அமைத்தார். பின்னர் மற்றக் கடைகளிலும் பொது நூலகத்திலும் சிறு கதவுகள் தோன்றின. அவற்றைத் தேடிச் செல்லும் சிறுவர்கள், கதவின் முன்னே காசுகளையும் கடிதங்களையும் வைத்துவிட்டு வருகின்றனர்.

இதனை முற்றிலும் அயலார் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. மணலில் சிறு வீடு கட்டி விளையாடுவது தமிழ்ச் சிறுமியரின் பழைய விளையாட்டு. அதற்குச் 'சிற்றில்' என்று பெயர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றிற் பருவமும் ஒன்று. சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா என்று குழந்தைத் தலைவனை வேண்டுவதே அப்பருவத்தின் பொருள். ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகமும் இப்பொருளைப் பற்றியதே. சிறியதொரு வீட்டைக் கட்டி, அதில் யாரோ வாழ்வதாக எண்ணி மகிழும் மனம் எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் பொதுவானது.

செய்யும் முறை மிக எளிது. ஐஸ்கிரீம் குச்சிகள் ஆறினை நெருக்கமாக அடுக்குங்கள். ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் அகலமும் 11 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கதவு அமையும். பின்புறத்தில் இரண்டு குச்சித் துண்டுகளைக் குறுக்கே வைத்துப் பசையால் ஒட்டினால் அது பிரியாது. மூங்கிற் பிளாச்சுகளால் நிலை அமைக்கலாம். பழைய துணியின் சிறு பட்டையே கீலாக உதவும். தென்னை ஈர்க்கைத் தாழ்ப்பாளாகவும், செந்நிற மஞ்சாடி விதையைக் குமிழாகவும் பொருத்தலாம். கறுப்புப் புள்ளியுடைய குன்றிமணியை மட்டும் பயன்படுத்தவே கூடாது. அது கொடிய நஞ்சுடையது. கத்தியால் வெட்டும் வேலையைப் பெரியவர்களே செய்தல் வேண்டும். ஒட்டுவதையும் வண்ணம் தீட்டுவதையும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். கதவு சற்றே கோணலாக அமைந்தாலும் அதனைத் திருத்த முற்படாதீர்கள்.

இவ்வேலையில் எத்தனை தமிழ்ச் சொற்கள் புழங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். நிலை, கீல், தாழ்ப்பாள், குமிழ், பிளாச்சு, ஈர்க்கு, வாசற்படி ஆகிய சொற்களை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? பாடநூலில் ஒருமுறை கண்ட சொல் தேர்வு முடிந்ததும் மறைந்துவிடும். "அந்த ஈர்க்கை எடு, தாழ்ப்பாள் சரியாக விழுகின்றதா பார்" என்று தந்தை கூற, பிள்ளை எடுத்துக் கொடுத்த சொல் வாழ்நாள் முழுவதும் மறவாது. ஒரு மொழியின் சொற்கள் கைவேலையோடு சேர்ந்தே உயிர் வாழ்கின்றன. வேலை வீட்டைவிட்டுப் போனால் சொல்லும் போய்விடும். கடையில் வாங்கிய கதவோ ஒரு சொல்லையும் கற்பிக்காது. ஆசிரியர்கள் எவ்வளவு முயன்றாலும் பள்ளியில் மட்டுமே தமிழைக் காப்பாற்றிவிட முடியாது. அதற்கு வீட்டின் துணை வேண்டும்.

இனி, மரத்தைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் வேஃபோர்டு காடு என்னும் சிறு காடு உள்ளது. அங்கே மக்கள் ஒருவரைக் கண்டு ஒருவர் சிறு கதவுகளை வைக்க, அவை நூற்றுக்கும் மேற்பட்டுப் பெருகின. 2015-ஆம் ஆண்டில் அக்காட்டின் அறங்காவலர்கள், இனிக் கட்டுப்பாடு வேண்டும் என்று அறிவிக்க நேர்ந்தது. அழகுக்காகத் தொடங்கிய செயலும் அளவு மீறினால் தொல்லையாகும்.

ஆதலின், கதவை மரத்தில் ஆணியால் அறைதல் கூடாது. நிலையின் பின்புறத்தில் இரண்டு முளைகளைக் கட்டி, அவற்றை மரத்தடி மண்ணில் ஊன்றினால் போதும். மரப்பட்டையின் அருமையைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பால் ஊறும் குழாய்கள் பட்டையிலேயே உள்ளன. கத்தி சற்று ஆழ்ந்து உள்ளிருக்கும் வளர்படலத்தைத் தொட்டுவிட்டால், அவ்விடத்தில் பட்டை ஒழுங்காக வளராமல் முடிச்சுகள் தோன்றும். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக 1888 முதல் விளங்கிய ரிட்லி என்பவர், மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அதன்பின், அந்நுட்பம் தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர் கைகளில் வாழ்ந்தது. இன்று பால்மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கின்றது. வேறு பல இடங்களில் வீடுகள் எழுந்துவிட்டன. பால்மரம் சீவிய தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், கதவு செய்யும் நாளில் அவர்களை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஆணி ஏன் அறையக்கூடாது என்பதை அவர்களே பேரப்பிள்ளைகளுக்கு விளக்கட்டும். ஏட்டில் இல்லாத வரலாறு அவ்வாறே பிள்ளைகளைச் சென்றடையும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. கதவின் முன்னே கிணறு என்றும் குளம் என்றும் சிரட்டைகளையும் பழைய பால் மங்குகளையும் பிள்ளைகள் வைக்க விரும்புவர். அவற்றில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். அம்முட்டை ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் கொசுவாகிவிடும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்புவது அக்கொசுவே. ஆகவே, சிரட்டையின் அடியில் துளையிடுங்கள். அன்றேல் கவிழ்த்து வைத்துக் கூரையாக்குங்கள்.

"இல்லாத தேவதையை உண்டென்று சொல்லிப் பிள்ளையை ஏமாற்றலாமா?" என்று சிலர் வினவுவர். முறையான வினாவே. நாம் எதனையும் உண்டென்று சாதிக்க வேண்டியதில்லை. "இதற்குள் யார் இருப்பார்கள் என்று நீ நினைக்கின்றாய்?" என்று கேட்டாலே போதும். ஒரு பிள்ளை அணில் என்னும். மற்றொன்று சருகுமான் என்னும். இன்னொன்று மறைந்த பாட்டி என்றும் சொல்லக்கூடும். அதனைத் தமிழிலேயே சொல்லச் செய்யுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையாயின், கதவுக்குள் இருப்பவருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். மறுநாட்காலையில் பதிற்கடிதம் ஒன்று அங்கே இருந்தால், அப்பிள்ளை அதனை எத்தனை முறை படிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்! இஃது ஏமாற்று அன்று, கதை. வழிபாடும் அன்று. எனவே, பெரியவர்கள் கல்நட்டு விளக்கேற்றும் மரத்தடியை விட்டு வேறிடத்தைத் தேர்ந்துகொள்வதே முறை.

"படிக்கும் நேரம் வீணாகுமே" என்பது பிறிதொரு கவலை. ஆறாம் ஆண்டு மாணவர்களின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. ஆயினும், விளையாட்டென்றால் வீண் என்னும் எண்ணம் நம்மைவிட்டு நீங்கவில்லை. அளவெடுத்தல், எண்ணுதல், பெயர் சொல்லுதல், எழுதுதல் ஆகிய யாவும் இவ்விளையாட்டில் இருக்கின்றன. பகலெல்லாம் உழைத்துக் களைத்து வரும் பெற்றோருக்கு ஓய்வு அரிது என்பதை நாம் அறிவோம். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் போதும். பணம் வேண்டியதில்லை, கைப்பேசியைச் சற்றே அப்பால் வைத்தால் போதும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் தந்தையும் தாயும் ஓய்வாக இருக்கும் நாளில், "எனக்கு ஒரு சிறு கதவு செய்யக் கற்றுக்கொடுங்கள்" என்று கேளுங்கள். பெற்றோர்களே! அவர்கள் அவ்வாறு கேட்கும்போது, "கடையில் வாங்கித் தருகின்றேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மழையிலும் வெயிலிலும் அக்கதவு சில திங்களில் உதிர்ந்துவிடலாம். உங்கள் அருகில் அமர்ந்து கற்ற சொல்லும், மரத்தின்மேல் கொண்ட பரிவும் பிள்ளையின் நெஞ்சில் உதிராமல் நிலைத்து நிற்கும்.